கூப்பிடு தூரம்

ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த ஜோடியைத் தெரியும். முன்னால் வெள்ளைத் தொப்பியும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக அவர். பின்னால், கூப்பிடு தூரத்தில், கைகளை மார்பில் கட்டியபடி அவள். தூறல் போட்டாலும் வருவார்கள், பனி மூட்டமாக இருந்தாலும் வருவார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவி ஒரு நாள் தன் புருஷனை வழியிலேயே நிறுத்திவைத்துச் சொன்னாள், இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எப்படிச் சேர்ந்து நடக்கிறார்கள், இவர்களைப் பார்த்தாவது கற்றுக்கொள் என்று. அந்த மனுஷன் பரிதாபமாகத் தலையசைத்தார். இவரும் தலையசைத்தார். அவள் சிரித்துவைத்தாள்.

அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தபோது நின்ற பேச்சு. அந்த மகள் இப்போது வேறு ஊரில் வேலை, கல்யாணம், சொந்த வீடு என்று ஆகிவிட்டாள்.

பேச்சே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது? குழாய் ஒழுகும், வாசல் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது என்று சங்கத்திலிருந்து ஆள் வருவான், ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன என்பது தினமும் இருக்கும். எல்லாம் மகள் வழியாகப் போய் வந்தது.

"உங்கப்பாகிட்ட சொல்லு, புல்லு வெட்டுற ஆளு நாளைக்கு வரானாம்."

அப்பா அதே மேஜையில், அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "வரட்டும்னு சொல்லு" என்பார். மகள் ரொட்டியைக் கடித்தபடி, "வரட்டுமாம்மா" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுவாள். விவரம் தெரிகிற வயது வந்ததும் ஒரு நாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள், "நான் என்ன இந்த வீட்டுக்கு எக்ஸ்டென்ஷன் ஒயரா? ரெண்டு பேரும் நேரா செவுத்துல சொருகிக்கங்களேன்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அவரோடு சேர்ந்து சிரிக்கக்கூடாது என்பதற்காகவே எழுந்துபோய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள்.

மகள் மேற்படிப்புக்குப் போனதும் அந்த வேலை நாயிடம் போனது. ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவே தூது போகிறவன் என்பதால் அதற்கு மந்திரி என்று மகள்தான் பெயர் வைத்துவிட்டுப் போனாள். "டேய் மந்திரி, மாத்திரை போட்டாச்சான்னு கேளு" என்பாள் அவள். "போட்டாச்சுடா மந்திரி" என்பார் அவர். மந்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டும். அதுவும் வயதாகிப் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு மிஞ்சியது ஆளில்லாத பேச்சுதான். நம் மொழியில் அதற்கும் வசதி இருக்கிறது. "சாப்பாடு ஆறுது." "குளிச்சா வெந்நீர் இருக்கு." "வண்டில காத்து இறங்கின மாதிரி தெரியுது." யாரிடம் சொல்கிறோம் என்று சொல்லாமலே ஒரு நாள் பூராவும் ஓட்டிவிடலாம். அவர் மட்டும் ஏதாவது வேண்டுமென்றால் பழக்கதோஷத்தில் மாடிப்படியைப் பார்த்து "பாப்பா" என்று குரல் கொடுப்பார். மாடியில் மகளின் அறை காலியாக இருக்கும். சமையலறையிலிருந்து அவள் கையைத் துடைத்தபடி வந்து நிற்பாள்.

எல்லாம் இந்த வீட்டால் வந்தது.

அவர் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, கம்பி தேய்ந்திருக்கிறதா, கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்துச் சான்று கொடுக்கிற வேலை. அப்போது அவர்கள் லாரிகள் ஓடுகிற பெருஞ்சாலையை ஒட்டி ஒரு குடியிருப்பில், இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் மகளுக்கு இருமல் வரும், மூடினால் அவளுக்கு மூச்சு முட்டும். ஒரு நாள் இந்தப் பகுதியின் மனமகிழ் மன்றத்து லிஃப்டைப் பார்க்க வந்தவர், வேலை முடிந்து ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேசினார். தெருவின் இரண்டு பக்கத்து மரமும் மேலே போய்க் கைகோத்துக்கொண்டு நிற்கிறது. நீச்சல் குளத்துக் காவலனுக்கு ஏணி வைத்த நாற்காலி. டென்னிஸ் ஆட ரெண்டு மைதானம், பச்சைத் துணி கட்டின வேலி. மரப்பாலம். நடந்து களைத்தால் உட்காரப் பெஞ்சு. "வாத்துக்கு ரொட்டி போடக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கான். அங்க பறவைக்குக்கூட சட்டம் இருக்கு" என்று சொந்தப் பெருமையைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அங்கே வீடு லேசில் விலைக்கு வராது. வந்தவர்கள் செத்தால்தான் போவார்கள் என்று தரகர் வேடிக்கையாகச் சொன்னார். இரண்டு வருஷம் காத்திருந்து ஒன்று வந்தது. இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் கடன் கிடைக்கும் என்பதால் இருவர் பெயரிலும் வாங்க ஏற்பாடு. அதே வீட்டுக்கு இன்னொரு குடும்பமும் காத்திருந்தது. இவர்கள் ஒரு நாள் பிசகினாலும் வீடு அவர்களுக்குப் போய்விடும்.

கையெழுத்துப் போடவேண்டிய அன்று காலை, அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அவருடைய போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். திரும்பி வந்தவரிடம் யார் என்று கேட்டாள். "ஆபீஸ். ஒண்ணுமில்ல" என்றார்.

பேசியது அவளுடைய அக்கா. அம்மா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் அவளுக்குப் போன் பண்ண வேண்டாம், உடைந்துபோய்விடுவாள் என்று அக்காவிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

அவள் அந்த அலுவலகத்தில் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக நிறுத்தி எழுதினாள். காகிதம் நீட்டியவர் அவளுடைய கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். சாயங்காலம் புது வீட்டைப் பார்க்க வந்தபோது ஏரியைச் சுற்றி ஒரு நடை போனார்கள். மகள் முன்னால் ஓடினாள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாகத் தெருவில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மரப்பாலத்தில் நின்று, "அம்மாவக் கூட்டிட்டு வந்து காமிக்கணுங்க" என்றாள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "காமிக்கலாம்" என்றார்.

மறுநாள் சொன்னார். விமானம் பிடித்து அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அக்கா கட்டிக்கொள்ளவில்லை. "உன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரே. வீடு வாங்குற அவசரம் போல" என்றாள். இல்லை, எனக்குத் தெரியாது என்று அவள் சொன்னதை அங்கே யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. நம்பியிருந்தாலும் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

திரும்பி வந்தவள் புது வீட்டில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கினாள். அதுவரை அவரை 'ஏங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு அவள் வைத்திருந்த பெயரே அதுதான். அன்றிலிருந்து அந்தச் சொல் நின்றது. அவர் முதலில் கோபித்தார். பிறகு விளக்கினார், உனக்கும் பாப்பாவுக்கும்தானே செய்தேன் என்றார், ஏரியைக் காட்டினார். பிறகு அவரும் விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்பதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

மகள் வளர்ந்த பிறகு ஒரு விடுமுறையில் இந்தக் கதையைக் கேட்டு அழுதாள். அப்பாவைத் திட்டினாள். அப்புறம் சமாதானத்துக்கு இறங்கினாள். "அவரு மன்னிப்புக் கேட்டா பேசுவியாம்மா?"

அவள் வெகுநேரம் யோசித்த மாதிரி இல்லை. தயாராக வைத்திருந்ததைச் சொன்ன மாதிரிதான் சொன்னாள்.

"உங்கப்பாவுக்கு என் பேரு தெரியுமான்னு கேளு. கையெழுத்துக்கு வேணும்னப்ப தெரிஞ்சிருந்துச்சுல்ல. இன்னி வரைக்கும் இந்தாங்கறதும், இங்க பாருங்கறதும், உன் பேரச் சொல்லி என்னக் கூப்பிடறதும். வாயத் திறந்து என் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிடச் சொல்லு. நான் திரும்பிப் பாக்கறேன்."

மகள் அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பொண்டாட்டியா என்று கேட்டார். கேட்டாரே தவிர அன்றைக்குப் பூராவும் ஒரு மாதிரியாகவே இருந்தார் என்று மகள் வந்து சொன்னாள்.

இப்படிச் சொல்வதால் அவர்கள் எலியும் பூனையுமாக இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கையும் காதையும் பார்த்து, பிரேமை லேசாகச் சூடு காட்டி வளைத்து, உறுத்தாமல் உட்காரவைத்து அனுப்புவாள். தெருப் பெண்களுக்கு அவள் கண்ணாடி அக்கா. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே தூங்குகிற ஆள். வாரம் ஒரு தடவை கோணிப்போகும். கோணியதை ராத்திரி சமையல் மேடையில் வைத்துவிட்டுப் படுப்பார். காலையில் அது நேராகி, துடைத்து, அதே இடத்தில் இருக்கும். அவர் எடுத்துப் போட்டுக்கொள்வார். இருவருக்கும் இடையே பாஷை என்று ஒன்று மிச்சம் இருந்தது என்றால் அது அந்த மேடையில்தான் இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் நெஞ்சில் கோளாறு வந்தது. ஒரு தடவை குளியலறையில், ஒரு தடவை காரில். டாக்டர் இதயத்தின் படத்தைத் திரையில் போட்டு, இந்தப் பக்கம் சுத்தமாக வேலை செய்யவில்லை என்று பேனாவால் காட்டினார். தினமும் மெதுவாக நடக்க வேண்டும், தனியாக நடக்கக் கூடாது. கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அறையில் இருந்த மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "கூட ஆளு வேணும்னா வரப்படும்" என்றாள். அந்த நிலைமையிலும் மகளுக்குச் சிரிப்பு வந்தது. "வரப்படுமாப்பா" என்றாள்.

அப்படித்தான் அந்த நடை தொடங்கியது. தன் ஊருக்குக் காரில் திரும்பிப் போகும்போது மகள் போனில் ஒரு தடவை கெஞ்சினாள், "அம்மா, அவருக்கு எவ்வளவு நாள்னு தெரியாது. நீயாவது எறங்கி வா." அவள் போனை வைத்துவிட்டாள். ஆனால் ராத்திரி படுக்கும்போது அவளே தனக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இறங்கி வந்தால், அம்மாவை அந்தப் பாலத்தில் நிற்கவைத்துக் காட்டுவதாகச் சொன்னானே ஒரு பொய், அது இல்லை என்று ஆகிவிடும். இறங்காவிட்டால், ஒரு வார்த்தை இல்லாமல் இந்த மனுஷன் போய்விடுவான். இரண்டையும் அவளால் தாங்க முடியாது. அவர் கூப்பிட்டுவிட்டால் எதையும் தாங்க வேண்டியதில்லை. அவர் கூப்பிட்டால் போதும். தினமும் காலையில் கைகளைக் கட்டிக்கொண்டு அதற்குத்தான் நடந்தாள்.

நாளாக ஆக அவர் நடை தளர்ந்தது. அவள் எவ்வளவுதான் மெதுவாக அடி வைத்தாலும் அவரைத் தொட்டுவிடுகிற மாதிரி ஆனது. பக்கத்தில் போய் நடக்க மனசு ஒப்பவில்லை. தாண்டி முன்னால் போனாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பெஞ்சுக்குப் பெஞ்சு நின்று, திரும்பி, வெள்ளைத் தொப்பி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நடப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் தெருக்கோடி வீட்டுக்கு ஒரு இளம் ஜோடி குடிவந்தது. காலையில் நடைபாதையை ஒட்டிய மைதானத்தில் டென்னிஸ் ஆடுவார்கள். பச்சைத் துணி கட்டியிருப்பதால் ஆள் தெரியாது, பந்துச் சத்தமும் பேச்சும்தான் கேட்கும். முதல் நாள் அந்தப் பையன் வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், கடைசி எழுத்தை நன்றாக இழுத்து. அவள் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய பெயர்.

முழுப் பெயரையும் யாரும் சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது. கடையில் அவள் பெயரைப் பாதியாக வெட்டி, அட்டையில் எழுதி நெஞ்சில் குத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். தெருவில் அக்கா, மகளுக்கு அம்மா. முழுசாகச் சொல்கிறவள் பெற்ற அம்மா ஒருத்திதான் இருந்தாள், அவளும் இல்லை.

அந்தப் பெண் பழகியதும் விஷயம் தெரிந்து கைதட்டிச் சிரித்தது. "ஐயோ ஆன்ட்டி, பழைய பேருன்னு எங்கம்மாகூட சண்டையே போட்டிருக்கேன். உங்களுக்கும் அதானா? இவன் கத்துறப்ப நீங்க பாட்டுக்குத் திரும்பிடாதீங்க." அந்தப் பையன் கூச்சத்தோடு ராக்கெட்டால் காலைத் தட்டிக்கொண்டு நின்றான். இவள், நீங்கள் கண்ணாடி போட்டிருந்தால் நேராக்கித் தருவேன், வேறென்ன செய்ய முடியும் உங்களுக்கு என்று ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டாள். வேலிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெயர் கேட்கும்போதெல்லாம், அது தனக்கில்லை என்று மனசுக்கு ஒரு அதட்டல் போட்டுவிட்டு நடப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கார் நிறுத்தும் இடத்தில் நின்று மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். துணி காயப்போட வந்தவள் காதில் பாதி விழுந்தது. "தெரியாம என்ன... போன்ல வேணாம்... சொல்றேன். நேர்ல சொல்றேன்." காப்பீட்டு விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை. ஏரிமேல் பனி கலையவில்லை. புல் வெட்டுகிற வண்டி எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டென்னிஸ் மைதானத்துப் பெஞ்சருகில் நின்று திரும்பிப் பார்த்தாள். வெள்ளைத் தொப்பி வந்துகொண்டிருந்தது. நடந்தாள். நாணல் வளைவைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் அவள் பெயரைச் சொன்னது.

ஆரம்பிச்சிட்டான், என்று நினைத்தாள்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை கடைசி எழுத்து இழுபடவில்லை, நடுவிலேயே நின்றது. காலங்காத்தால புருஷனும் பொண்டாட்டியும் என்னமோ கொஞ்சிக்கொள்கிறார்கள், நாம் இடையில் நின்றால் நன்றாக இருக்காது என்று அவள் நடையைச் சற்று எட்டிப் போட்டாள். மனசில் லேசாக ஒரு பொறாமைகூட வந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான் பார், என்று.

பந்துச் சத்தம் ஏதும் கேட்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

மரப்பாலத்துக்கு வந்து திரும்பினாள். தொப்பி இல்லை. வளைவு மறைக்கிறது என்று காத்திருந்தாள். பிறகு வந்த வழியே நடந்தாள், பிறகு ஓடினாள்.

அவர் நாணலை ஒட்டி, பாதையில் பாதியும் ஈரப் புல்லில் பாதியுமாகக் கிடந்தார். ஒரு கை அவள் போன திசையில் நீண்டிருந்தது. தண்ணீர் பாட்டில் உருண்டு வாத்து போர்டின் காலில் முட்டி நின்றது. கண்ணாடி முகத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. அவள் மண்டியிட்டு அவர் முகத்தைத் திருப்பினாள். கூப்பிட வாய் திறந்தாள். அவளுக்கு வந்தது இதுதான்:

"எழுந்திருக்கணும். கண்ணத் திறக்கணும். இப்படிப் படுத்தா எப்படி? எழுந்திருச்சா வீட்டுக்குப் போலாம்."

யாரிடம் சொல்கிறாள் என்று இல்லாமலே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். புல் வெட்டுகிறவன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவளை நகர்த்தி, அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தான். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு வாத்துகள் மொத்தமாகத் தண்ணீருக்குள் இறங்கின. ஆஸ்பத்திரியில் அவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய தொப்பி, கைக்கடிகாரம், கோணிய கண்ணாடி மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து வீடு நிறைய ஆள் இருந்தது. சங்கத் தலைவி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி நிமிஷம் வரைக்கும் சேர்ந்தே நடந்தீர்கள், யாருக்குக் கிடைக்கும் இது, ஏரிக்கரையில் அவர் பேரில் ஒரு பெஞ்சு போடலாம் என்று சங்கத்தில் பேசப்போகிறேன் என்றாள். அவள் தலையசைத்தாள்.

அந்த இளம் ஜோடி இருட்டுகிற நேரத்துக்கு வந்தார்கள். வாசலில் பெட்டியும் படுக்கையுமாக வண்டி நின்றது. அந்தப் பெண் அழுதுகொண்டே கட்டிக்கொண்டது.

"இப்பத்தான் ஆன்ட்டி ஊர்லேர்ந்து வந்து எறங்கினோம். எதிர்வீட்டுல சொன்னாங்க. வீட்டுக்குள்ளகூடப் போகல."

"ஊர்லேர்ந்தா?"

"ஆமா ஆன்ட்டி, இவனோட அண்ணன் வீட்டுக்கு. போன வாரமே கெளம்பிட்டோம்."

அவள் அந்தப் பையனைப் பார்த்தாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் கைகட்டி நின்றான். போன வாரமேவா, என்று அவனிடமும் ஒரு தடவை கேட்டாள். ஆமாம் ஆன்ட்டி என்றான். உட்காருங்கள், காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை என்று மகள் போய்ப் பார்த்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. அவள் பிளாஸ்டிக் பையைப் பிரித்து, அவருடைய கண்ணாடியைச் சூடு காட்டாமல் வெறுங்கையால் வளைத்து நேராக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்துக் காம்பு விரலோடு வந்துவிட்டது.

"அம்மா, குடு. அப்புறம் பாத்துக்கலாம்."

"கோணல் போக மாட்டேங்குது."

வந்தவர்கள் போன பிறகு மகள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் அம்மாவின் கைவிரல் ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழம நான் அவரு மேல கத்திட்டேன். அம்மா பேரு தெரியுமா தெரியாதான்னு. தெரியாம என்னன்னாரு. அப்ப கூப்பிடுங்கன்னேன். அவருக்கு வெக்கமாம்மா. வீட்டுக்குள்ள சொல்ல வரமாட்டேங்குது, நடக்கறப்ப கூப்பிட்டுடறேன்னாரு." நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். "கூப்பிட்டாராம்மா?"

அவள் சமையல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து குடித்தனம் பண்ணியும் அந்தக் குரலில் அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டாவது தடவை நடுவில் நின்றதே, அது மட்டும் காதிலேயே இருந்தது. இதுவரை இந்த வீட்டில் பொய் சொன்ன ஆள் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டாரு."

"நீ?"

"திரும்பினேன்."

மகள் அவள் மடியில் தலையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக அழுதாள். அழட்டும் என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த நிம்மதியைப் பார்த்தபோது, அவர் அன்றைக்குப் பால்கனியிலிருந்து உள்ளே வந்து ஒண்ணுமில்லை என்று சொன்னபோது எப்படி இருந்திருப்பார் என்பது அவளுக்குப் புரிந்த மாதிரி இருந்தது. புரிந்து என்ன ஆகப்போகிறது.

வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மகள் சொல்லிப் பார்த்தாள். விற்பதென்றால் மறுபடியும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அவள் மறுத்துவிட்டாள். மகளுக்கு அது என்ன காரணம் என்று விளங்கவில்லை. அவர் பேரில் பெஞ்சு போட்டார்கள். டென்னிஸ் மைதானத்தைத் தாண்டி, நாணல் வளைவுக்கு எதிரே. அவள் அதில் உட்காருவதில்லை. காலையில் வழக்கம்போல நடக்கிறாள். பெஞ்சுக்குப் பெஞ்சு நிற்பதும் திரும்பிப் பார்ப்பதும்கூடப் போகவில்லை.

பனிக்காலம் போய் மைதானத்தில் பந்துச் சத்தம் மறுபடியும் கேட்கத் தொடங்கிய ஒரு நாள், வேலிக்குப் பின்னாலிருந்து அந்தப் பையன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மூச்சு வாங்கிக்கொண்டு கூப்பிட்டதாலோ என்னவோ, கடைசி எழுத்து இழுபடவில்லை.

"என்னங்க" என்று அவள் திரும்பிவிட்டாள். உரக்க. பாதையில் வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

வேலிக் கதவைத் திறந்துகொண்டு பந்து பொறுக்க வந்த அந்தப் பையன் அப்படியே நின்றான். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆன்ட்டி... உங்கள இல்ல. அவளக் கூப்பிட்டேன்."

"தெரியும்ப்பா" என்றாள் அவள். பந்து அவள் காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுத்து, அதில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்து, அவன் கையில் கொடுத்தாள். "சத்தமாக் கூப்பிடு. இங்க காத்துல பாதிதான் வருது."